ஓட ஓட பிக்கப் குறைகிறது, நிறுத்தி எடுத்தால் சரியாகிறது: 2005 சான்ட்ரோ

6 ஜூலை 2025, காலை. திருச்சி வாசகரின் கேள்வி

2005 சான்ட்ரோ ஜிங், அப்பா வாங்கியது, பெட்ரோல் வண்டி. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது விராலிமலை வரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டினால் டாப் கியரில் எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி, மிதிக்க மிதிக்கச் சோர்ந்து போகிறது. அறுபது, ஐம்பது. மேம்பாலம் ஏறவே தேர்ட் போட வேண்டியிருக்கிறது. ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு எடுத்தால் பழையபடி பறக்கிறது. அரை மணி ஓடினால் மறுபடி அதே கதை. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. மெக்கானிக் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றினார், இன்ஜெக்டர் கிளீன் பண்ணினார், பலனில்லை. இதெல்லாம் இ-20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான். எத்தனால்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறேன். மறுப்பவர் உண்டா?

6 ஜூலை, இரவு

நான் மறுக்கிறேன்.

எத்தனாலில் லிட்டருக்கு உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் லிட்டர் கணக்கில் ஆறேழு சதவீதம் போகும். பழைய கார்களுக்கு மைலேஜ் இழப்பு 6-7 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. சரி, போகட்டும். ஆனால் உங்கள் வண்டியில் போவது ஏழு சதவீதமா? பாதிக்குப் பாதி போகிறது. அதுவும் விராலிமலை வரை போகாமல், அதற்கு அப்புறம் மட்டும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் திருச்சியிலும் அதேதான், விராலிமலையிலும் அதேதான். எரிசக்தி குறைவு என்றால் வீட்டு வாசலிலிருந்தே குறைய வேண்டும்.

பாகம் மாற்றுவதை இத்தோடு நிறுத்துங்கள். இந்த மாதிரிக் கோளாறில் பெரிய தொல்லை, ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போது வண்டி நன்றாக இருப்பதுதான். நன்றாக இருக்கும் வண்டியை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர்களும் கைக்கு எட்டியதை மாற்றிக்கொண்டே போவார்கள். கோளாறு வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில், ரோட்டிலேயே, அளந்து பார்க்க வேண்டும்.

7 ஜூலை

போனட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயம். என்ஜின் சக்தியைக் கொடுக்கவில்லையா, கொடுத்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? இதைக் கேட்காமல் என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

கிளட்ச்: சமதளத்தில் நாற்பதில் போகும்போது நேராக நான்காவது கியர் போட்டு முழுசாக மிதியுங்கள். சத்தம் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்தே மந்தமாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது.

பிரேக்: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய வண்டியில் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு போல இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். பெடலை அழுத்தும்போது எண்ணெய் போய்விடும், விட்டால் திரும்பாது. பிரேக் பாதி பிடித்தபடியே வண்டி ஓடும், சூடேற ஏற இன்னும் இறுக்கும். நிறுத்தி வைத்தால் மெல்ல விட்டுவிடும். "அரை மணி ஓடினால் சோர்வு, டீ குடித்தால் சரி" என்ற லட்சணம் இதற்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஆபீசில் ஒருவர் இண்டிகாவுக்கு இன்ஜெக்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாகச் செலவழித்துக் களைத்த பிறகு, ஒரு டயர்க்கடைப் பையன்தான் "அண்ணே, இந்த வீல் மட்டும் கொதிக்குது" என்றான்.

அடுத்த முறை சோரும்போது பிரேக்கைத் தொடாமல் வண்டியை உருளவிட்டு நிறுத்தி, நாலு டிஸ்க், டிரம் பக்கமும் கையை ஓர் அடி தள்ளிக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் விஷயம் முடிந்தது. லேசான சரிவில் நியூட்ரல் போட்டு, தானாக உருள்கிறதா என்றும் பாருங்கள்.

8 ஜூலை, காலை

திருச்சித் தம்பி பார்த்துவிட்டார். கிளட்ச் நழுவவில்லை, நாலு சக்கரமும் ஒரே சூடு, நியூட்ரலில் தானாக உருள்கிறது. ஆக, என்ஜின்தான்.

8 ஜூலை, இரவு

என் வண்டியும் ஒருமுறை இப்படிச் சோர்ந்திருக்கிறது. எப்படி என்று கேட்டவர்களுக்கு. இது நீளம், அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

2004 மாருதி எஸ்டீம், வீடு சேலம். ஏற்காடு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டீமுக்கு அது விளையாட்டு மைதானம், செகண்டிலும் தேர்டிலும் சிரித்துக்கொண்டே ஏறும். ஒரு நாள் பாதி மலையில் தேர்ட் இழுக்கவில்லை. செகண்ட் போட்டேன், கொஞ்ச தூரம் இழுத்து அதுவும் அடங்கியது. ஐடிலிங் சுத்தமாக இருந்தது, புகை இல்லை, என்ஜின் சூடும் ஏறவில்லை. மெதுவாக மிதித்தால் நகரும். அழுத்தி மிதித்தால், ஒரு எல்லைக்கு மேல் ஆர்பிஎம் ஏறாது. தரைக்கு அடியிலிருந்து ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். உயரம் போகப் போகக் காற்று மெலிவதால் என்ஜின் சோரும் என்பது உண்மை. டர்போ இல்லாத என்ஜினுக்கு நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் என்று தோராயமாகச் சொல்லலாம். ஏற்காடு 1,500 மீட்டர், சேலமே முன்னூறு மீட்டரை ஒட்டி. வித்தியாசம் பன்னிரண்டு சதவீதம்தான் வரும், அதுவும் படிப்படியாக. என் வண்டி ஒரே வளைவில் விழுந்தது.

ஷெட்டில் முதல் தீர்ப்பு "பம்ப் போயிருக்கு". இரண்டாவது இடத்தில் "ஹெட்டைக் கழட்டிப் பார்த்துடலாம் சார்". ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. கழற்றியபின் வால்வு, கேஸ்கெட், மெஷினிங் என்று பில் தனக்கென ஒரு வாழ்க்கையைத் தொடங்கிவிடும்.

நான் செய்தது வேக்கம் கேஜ் (என்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தை, அதாவது வெற்றிடத்தை அளக்கும் மீட்டர்) வைத்தது. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றில் கேஜைச் சொருகினால் போதும். நல்ல என்ஜின் ஐடிலிங்கில் கடல் மட்டத்தில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 இன்ச் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் குறையும் என்பதால் சேலத்தில் ஒன்று கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐடிலிங்கில் சரியாகத்தான் காட்டியது. ஆக்சிலேட்டரை 2,500-இல் பிடித்து வைத்தேன். முள் முதலில் ஏறியது, அப்புறம் கண்ணெதிரே மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. பதினைந்து, பன்னிரண்டு, பத்து. நான் காலை அசைக்கவே இல்லை.

வெளியே போக வேண்டிய புகை போகவில்லை என்று பொருள். எக்ஸாஸ்ட் அடைத்தால் எரிந்த வாயு சிலிண்டரிலேயே தேங்கும், புதுக் காற்றுக்கு இடமிருக்காது. ஐடிலிங்கில் வாயு கொஞ்சம் என்பதால் தெரியாது. ரேஸ் பண்ணும்போதுதான் குட்டு வெளிப்படும்.

உறுதி செய்ய முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை 22 ஸ்பேனரால் கழற்றினேன். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் வாயு தப்பிக்க ஒரு துவாரம் கிடைக்கும். தெருவே எட்டிப் பார்க்கிற சத்தம். தெருமுனை வரைதான் ஓட்டினேன், இழுவை திரும்பிவிட்டது. (இதை ஒரு நிமிடத்துக்கு மேல் செய்யாதீர்கள். அந்தத் துவாரத்தில் வருவது நெருப்பு மாதிரி வாயு, பக்கத்து ஒயரை உருக்கிவிடும். அதோடு சென்சார் வெளியே தொங்கினால் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ, காற்று அதிகம் என்று நம்பி பெட்ரோலைக் கொட்டும்.)

கன்வெர்ட்டரை இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது தேன்கூட்டு அறைகளில் பாதியைக் காணோம். உருகி, கண்ணாடி போலப் பளபளத்து ஒட்டிக்கிடந்தது. உள்ளங்கையால் தட்டினால் உள்ளே துண்டுகள் குலுங்கின.

அடுத்த கேள்விதான் முக்கியம். அது ஏன் உருகியது? தானாக உருகாது. எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிந்தால்தான் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். இரவில் போனட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலால் பிளக் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனி போல அடித்தேன். ஒரு ஒயரில், கிளாம்ப் உரசிய இடத்தில், நீலப் பொறி டிக் டிக் என்று என்ஜின் பாடிக்கு ஓடியது. பல மாதமாக லோடில் மட்டும் லேசாக மிஸ்ஸிங் (பொறி தவறுவது) அடித்திருக்கிறது. வெறும் ஒயர். அதை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதுசையும் உருக்கியிருக்கும்.

9 ஜூலை

"உங்கள் எஸ்டீமில் ஏன் செக் என்ஜின் விளக்கு எரியவில்லை?" நல்ல கேள்வி. அந்த வண்டியில் காற்றை நேராக அளக்கும் கருவி கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை மேப் சென்சார் அளக்கிறது, அதை வைத்து ஈசியூ காற்றைக் கணக்குப் போடுகிறது. எக்ஸாஸ்ட் அடைத்தால் மேனிஃபோல்டு அழுத்தம் உயரும். "ஓ, டிரைவர் நன்றாக மிதிக்கிறார்" என்று ஈசியூ நினைத்துக்கொள்ளும். எல்லாச் சென்சாரும் நியாயமான எண்ணைத்தான் சொல்கிறது, அப்புறம் எந்தப் பழுது எண் (கோடு) பதியும்? அந்தக் காலச் சுசுகி ஈசியூ பலவற்றில், சோதனை முறையில் போட்டுப் பார்க்கும்போது செக் லாம்பு 12 என்று சிமிட்டினால் "பழுதில்லை" என்று அர்த்தம். என் வண்டி உயிர் போகிற நிலையிலும் 12, 12 என்றே சிமிட்டிக்கொண்டிருந்தது.

பழுது எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்றால் சென்சார் பக்கம் பெரிய கோளாறு இல்லை என்ற அளவுக்குத்தான் நம்பலாம். அடைப்பு, கசிவு, தேய்மானம் ஆகியவை பெரும்பாலும் அதன் கண்ணில் படாது.

9 ஜூலை, இரவு

ஐயா சாமிகளா, நான் எஸ்டீம் கதை சொன்னதும் சிலர் கன்வெர்ட்டரைக் கழற்றி, "உள்ளே குத்தி எடுத்துட்டேன் அண்ணா, சூப்பரா போகுது" என்கிறீர்கள். அது சட்டப்படி தப்பு. பிஎஸ்-2, பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் புகை விதிகள்) காலத்துப் பெட்ரோல் காருக்கு புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம். கன்வெர்ட்டர் இல்லாமல் அதற்குள் நிற்பது கடினம். நியாயமான டெஸ்ட் என்றால் மாட்டுவீர்கள்.

இதில் ஒரு பழைய கதை: இந்தியாவில் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-இல், சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு. ஈயம் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதனால் கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுக்க ஈயம் போனது 2000-இல். அந்த இடைப்பட்ட வருடங்களில் சென்னைக் கார்க்காரர் வெளியூர் போனால் எந்த பங்க்கில் ஈயமில்லாப் பெட்ரோல் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

முக்கியமாக, திருச்சி வண்டிக்கு இது பொருந்தவில்லை. அடைத்த கன்வெர்ட்டர் டீ குடித்துவிட்டு வந்தால் திறந்துகொள்ளாது. உடைந்த துண்டு இடம் மாறினால் சில சமயம் திறக்கும், ஆனால் அது கண்டபடி வரும், போகும். அவருக்கு வருவது கடிகாரம் வைத்தது போல.

12 ஜூலை

"கார்பரேட்டர் காலத்தில் இதற்கு ஈரத்துணிதான் வைத்தியம்" என்று எழுதிய பெரியவருக்கு வணக்கம். அம்பாசடர், பத்மினி ஓட்டிய எல்லாருக்கும் தெரியும். மேட்டில் நிற்கும், டிரைவர் இறங்குவார், பெட்ரோல் பம்ப் மேல் நனைத்த துணியைப் போடுவார், பீடி ஒன்று முடிவதற்குள் வண்டி கிளம்பும். அதில் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருந்தது, தூரத்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. சூடும் உறிஞ்சலும் சேர்ந்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை பம்ப்பால் தள்ள முடியாது.

சான்ட்ரோவில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. உறிஞ்சுவதில்லை, சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் தள்ளுகிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். அதனால் ஈரத்துணி போட இடமும் இல்லை, தேவையும் இல்லை. பீடியும் வேண்டாம்.

13 ஜூலை

சரி, திருச்சிக்கு வருவோம். ஓடினால் வருகிறது, நின்றால் போகிறது. எதெல்லாம் அப்படிச் செய்யும்?

இக்னிஷன் காயில். சூடானதும் உள்ளே சுற்று கசியும், பொறி பலவீனமாகும். ஆனால் அப்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், மிஸ்ஸிங் தெரியும். இவர் "சோர்கிறது" என்கிறார், "வெட்டுகிறது" என்று சொல்லவில்லை. என்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் சூட்டில் போனால் என்ஜின் பட்டென்று அணைந்துவிடும், சோர்ந்துகொண்டு ஓடாது.

பெட்ரோல் போதாமை. இதுதான் மெல்லச் சோர வைக்கும். பம்ப் மோட்டார் தேய்ந்து சூட்டில் தளர்வது, ஃபில்டர் அடைப்பு, பம்ப்புக்குப் போகும் மின்சாரம் குறைவது, டேங்க் மூடியின் காற்றுவழி அடைத்து உள்ளே வெற்றிடம் உண்டாவது, எல்லாமே இந்தக் கூட்டத்தில் அடக்கம்.

இதை ரோட்டிலேயே பிடிக்க வழி இருக்கிறது. ஃப்யூயல் பிரஷர் கேஜ் ஒன்று, நீளமான ஹோஸோடு. என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் டி-கனெக்டர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ஹோஸை போனட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கேஜை டிரைவர் பக்கக் கண்ணாடியில் வைப்பருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கமோ ஃபேன் பக்கமோ போகக்கூடாது. எல்லா கிளாம்ப்பும் உலர்ந்திருக்கிறதா என்று என்ஜினை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

13 ஜூலை, இன்னொரு வரி

கேஜைக் காருக்குள் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவரே, கூடாது. அந்தக் குழாயில் இருப்பது அழுத்தத்தில் உள்ள பெட்ரோல்.

20 ஜூலை

தம்பி செய்துவிட்டார். வாட்சாப்பில் வந்த வீடியோவைப் பார்த்தேன், கேஜும் டேப்பும் பின்னால் நாற்கரச் சாலையும். பொறுமைசாலி.

திருச்சியில் கிளம்பும்போது 3.4 கிலோ. சுங்கச்சாவடி தாண்டியும் அதேதான். விராலிமலை நெருங்கும்போது மிதித்தால் மூன்று, விட்டால் பழைய இடம். அப்புறம் மிதிக்காமலே மூன்று. கடைசியில் முழுசாக மிதித்தபோது முள் இரண்டுக்குக் கீழே போனது, வண்டியும் அங்கேதான் படுத்தது. ஓரங்கட்டி அணைத்து, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து சாவி போட்டதும் 3.4.

காயில், கிராங்க் சென்சார், கன்வெர்ட்டர் என்று இங்கே நாம் எழுதிய அத்தனையும் இந்த ஒரே வீடியோவில் அடிபட்டுப் போயின. பெட்ரோல் வரவில்லை. இனிக் கேள்வி, பம்ப்புக்கு முன்னாலா, பம்ப்பிலா, பின்னாலா?

உடனே புது பம்ப் வாங்க ஓடாதீர்கள். சோரும் நேரத்தில் இரண்டு காரியம். ஒன்று, டேங்க் மூடியைத் திறவுங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, இழுவையும் உடனே திரும்பினால் மூடிதான். இரண்டு, என்ஜின் ஓடும்போதே பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பதின்மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் சரி. பத்து பதினொன்று வந்தால் ரிலேயோ துருப்பிடித்த எர்த்தோ மின்சாரத்தை விழுங்குகிறது. பம்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

21 ஜூலை

மூடி திறந்தும் மாற்றமில்லை. கனெக்டரில் 13.3. பம்ப், ஃபில்டர், பம்ப்பின் வாயில் இருக்கும் சல்லடை, இவை மட்டும் பாக்கி.

பந்தயம் கட்டச் சொல்கிறார்கள். நான் சல்லடை பக்கம். பம்ப் மோட்டார் சூட்டில் தளர்ந்தால் ஆற இன்னும் நேரம் பிடிக்கும். ஒரு டீயில் முழு அழுத்தமும் திரும்புவது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

27 ஜூலை

பின்சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தாயிற்று. (பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், காலையில் குளிர்ச்சியான நேரத்தில் செய்யச் சொன்னேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் செல்போன் டார்ச் கூட வேண்டாம் என்று அவர் அப்பா ஒரே பிடிவாதம். நல்ல அப்பா.)

சல்லடை வெள்ளைத் துணி போல இருக்க வேண்டியது. வந்தது செங்காவி நிறத்தில், விரலால் தேய்த்தால் மாவு போல வழுக்கும் பழுப்புச் சேறு அப்பி. டேங்கின் அடியிலும் அதே சேறு, ஒரு மூலையில் கறுப்பாக ரப்பர்த் துணுக்குகள்.

டீ வடிகட்டியில் தூள் அடைத்துக்கொள்வது மாதிரிதான் இது. பம்ப் உறிஞ்சும்போது சேறு வந்து வலையில் ஒட்டும். வேகமாகப் போகப் போக பெட்ரோல் அதிகம் இழுக்கும், சேறும் அதிகம் ஒட்டும். ஊருக்குள் மெதுவாக ஓடும்போது தெரியாது. நெடுஞ்சாலையில் அரை மணியில் வலை முழுக்க மூடிவிடும். அணைத்தால் உறிஞ்சல் நின்று, சேறு நழுவி அடியில் விழும். "டீ குடித்தால் சரியாகிறது" என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

கடைக்காரர் முழு பம்ப் அசெம்பிளி எடுக்கச் சொன்னாராம். தம்பி சல்லடை மட்டும் வாங்கி, டேங்கைக் கழுவி மாட்டியிருக்கிறார். கேஜ் இன்னும் கண்ணாடியில் இருப்பதால் பம்ப் நல்லதா என்பதை மதுரை போய் வந்தால் அதுவே சொல்லும்.

28 ஜூலை

மதுரை போய்த் திரும்பியும் முள் 3.4-ஐ விட்டு நகரவில்லை. பம்ப் நல்ல பம்ப்.

2 ஆகஸ்ட்

"பார்த்தீர்களா, எத்தனால்தான் சேறு கிளப்பியது, முதல் நாளே சொன்னோம்" என்று ஒரு கூட்டம். "எத்தனால் புனிதர்" என்று இன்னொன்று. முதல் குறிப்பில் நான் மறுத்தது எரிசக்திக் கணக்கை. அது இப்போதும் அப்படியேதான்: எரிசக்திக் குறைவால் வண்டி இப்படிப் படுக்காது. சேறு வேறு விஷயம். அதைப் பற்றி அன்று நான் யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன்.

எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினை இளக்கும். தண்ணீரையும் ஈர்க்கும், ஈரம் துருவுக்கு வழி. எத்தனாலுக்கு ஏற்றதாகச் செய்யப்படாத பழைய ரப்பர் உப்பும், உதிரும். அந்தக் கறுப்புத் துணுக்குகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இதெல்லாம் எத்தனாலுக்கு எதிரான சாட்சி.

மறுபக்கம்: பத்து சதவீதக் கலப்பை நாடு 2022-லேயே எட்டிவிட்டது. ஆகவே எத்தனால் இந்த டேங்குக்குப் புது விருந்தாளி இல்லை. கொரோனா காலத்தில் வண்டி மாதக்கணக்கில் கால் டேங்கோடு நின்றது என்று தம்பியே எழுதியிருக்கிறார். முக்கால் டேங்க் வெறும் காற்று என்றால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் வியர்க்கும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகே பெட்ரோல் போடும் பழக்கம் வேறு. இருபது வருடமாக டேங்கை யாரும் திறக்கவும் இல்லை.

எத்தனால் தூண்டியிருக்கலாம், சேறு ஏற்கெனவே அங்கே இருந்தது என்பது என் கணிப்பு. 2023 ஏப்ரலுக்கு முந்தைய, பெரும்பாலும் இ-20-க்கு என்று செய்யப்படாத வண்டி வைத்திருப்பவர்கள் அரசியலை விட்டுவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். போனட்டில் தெரிகிற பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பு, உப்பல், வெடிப்பு, பெட்ரோல் வாசனை, எது இருந்தாலும் எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் ஹோஸாக மாற்றிவிடுங்கள். சோர்வது பரவாயில்லை, தீப்பிடிப்பது அப்படியல்ல.

10 ஆகஸ்ட்

ஸ்விஃப்ட் டீசல், 2009, "ஓவர்டேக் எடுக்கும்போது சட்டென்று பிக்கப் போகிறது, அணைத்து உடனே ஸ்டார்ட் பண்ணினால் வந்துவிடுகிறது" என்கிறார் ஈரோட்டு நண்பர். இது வேறு ஜாதி. சான்ட்ரோ வைத்தியத்தை இதற்குப் போடாதீர்கள்.

கொஞ்ச நேரம் ஆறவிட்டால் சரியாகிறது என்றால் சூடு, அழுக்கு, ஆவி. அணைத்த கையோடு ஸ்டார்ட் பண்ணினாலே சரியாகிறது என்றால், எதுவும் ஆறவில்லை, ஈசியூ தானாக எடுத்த முடிவைத்தான் ரீசெட் செய்கிறீர்கள். அதுதான் லிம்ப் மோடு: ஏதோ ஒரு சென்சார் எண் பிடிக்காமல் சக்தியைக் குறைத்துவிடுகிறது. இதில் ஸ்கேனர் உண்மையிலேயே உதவும், விளக்கு அணைந்திருந்தாலும் கோடு பதிந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டுக்கும் மசியாமல் எப்போதும் சோர்ந்தே கிடந்தால் அடைத்த எக்ஸாஸ்ட், பல் தாண்டிய டைமிங் பெல்ட், கம்ப்ரஷன் என்று மெக்கானிக்கல் பக்கம் போக வேண்டும்.

உங்கள் வண்டிக்கு: ஸ்கேனர் வருவதற்குள் டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஈரம் இருந்தால் அங்கே வெடித்திருக்கும். நின்றபடி ரேஸ் பண்ணினால் தெரியாது, லோடு வேண்டும். டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட்

"எப்போது மாற்றினேன் என்று ஞாபகம் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள் ஐயா.

24 ஆகஸ்ட்

திருச்சியிலிருந்து: சான்ட்ரோவில் லேசாகப் பழைய அறிகுறி, ஆனால் கொடைக்கானல் மேட்டில் மட்டும். கேஜ் 3.1. திறந்து பார்த்தால் புதுச் சல்லடையில் மறுபடி மெல்லிய பழுப்பு. எதிர்பார்த்ததுதான், டேங்கின் மூலைகளில் ஒட்டியிருந்த மிச்சம் குலுங்கி வந்திருக்கிறது. கழுவிவிட்டு ஓட்டுங்கள், இன்னும் ஒருமுறை வந்தால் டேங்கை இறக்கி முழுசாகச் சுத்தம் செய்துவிடலாம். அதுவரை கால் டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள், ஒரு சல்லடை டிக்கியில் கிடக்கட்டும்.

கேஜ் இரவல் கேட்டவர்களுக்கு: என்னுடையது இப்போது ஈரோட்டில் இருக்கிறது. வாங்குவதாக இருந்தால் ஹோஸ் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள், செட்டோடு வருவது பெரும்பாலும் கண்ணாடி வரை எட்டாது.

மாருதி ஜென் வைத்திருக்கும் மதுரைக்காரரே, உங்களுக்கு ஐடிலிங்கில் மட்டும் நடுக்கம், ரோட்டில் இழுவை நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அது இந்த இழைக்குச் சம்பந்தமில்லை. தனியாகப் போடுங்கள், வேக்கம் ஹோஸ் படத்தோடு.